தொண்டையில் இல்லாத கோளாறு

கார்னெட் ஃபோர்டு, நெப்ராஸ்கா
செப்டம்பர் 6

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

என் முகத்தின் மேலேயே வண்டியை ஏற்றிவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நெடுஞ்சாலை வளைவில் நிற்கிறதே என் விளம்பரப் பலகை, 'வெர்லின் ஹோல்ட்கே கால்நடை ஏலம், வியாழன்தோறும்' என்று, தொப்பியும் பல்லுமாக நான் இளிக்கிற படத்தோடு? அதேதான். போன வாரம் வீடு திரும்பும்போது குறுக்கே ஒரு மான் பாய்ந்தது. பெரிய மான். வண்டியை ஒடித்துத் திருப்பினேன். மான் பிழைத்தது. நான் பலகையின் இரண்டு கால்களையும் முறித்துக்கொண்டு என் பல்லுக்கு நேரே போய் நின்றேன். வண்டிக்கு முன்னால் இரும்புத் தடுப்பு இருப்பதால் வண்டிக்கு ஒரு கீறல்தான். எனக்குத்தான் தடுப்பு இல்லை. பெல்ட் போடவில்லை. ஸ்டீயரிங் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை போனில் சொன்னால் டொனெல்டா காதில் விழும், அதனால்தான் கடிதம். அவளிடமும் ஊர் கிளினிக்கிலும் கன்றுக்குட்டி முட்டித் தள்ளியதாகச் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் கன்று முட்டியவனுக்கு ஒரு மரியாதை உண்டு. தன் மூஞ்சியிலேயே முட்டிக்கொண்டவனுக்கு? பக்கத்து மாவட்ட ஏலக்காரன் ஆர்வல் ப்ரோகாப் கிறிஸ்துமஸ் வரை அதைச் சொல்லித்தான் ஏலத்தை ஆரம்பிப்பான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். விலா எலும்பு இரண்டில் கீறல், தானே ஆறிவிடும் என்றார்கள். பலகை காற்றில் சாய்ந்ததாக ஊருக்குச் சொல்லி, ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? நீ ஜூலையில் வந்துவிட்டுப் போன கையோடு எவனோ அந்தப் படத்துக்கு மீசை வரைந்திருந்தான். முனை முறுக்கிய மீசை. மாட்டுக்கு அடையாளம் போடும் கறுப்பு மெழுகுக்குச்சியால். அதை நம் தொழில்காரன்தானே வைத்திருப்பான்? ஆர்வல்தான். சந்தேகமே இல்லை.

மற்றபடி நானும் டொனெல்டாவும் கொட்டகையில் தாயைத் தேடிக் கதறும் கன்றுகளும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் எப்படி? யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்து பதில் போடு.

உன் தம்பி,
வெர்லின்


டூசான், அரிசோனா
செப்டம்பர் 17

டேய் வெர்லின்,

கேலனின் முழங்கால் நன்றாயிருக்கிறது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அதில்தான் ஓங்கி ஓங்கித் தட்டிச் சிரித்தார். அவரைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டேன், சத்தியம்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய போட்டோவைப் பலகையில் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றினாய். அது உன்மேல் பாய்ந்ததில் எனக்கு வியப்பில்லை. மீசை உனக்கு எடுப்பாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் நெஞ்சில் அடி என்பது சிரிக்கிற சங்கதி இல்லை. மூச்சு விடுவது எப்படி இருக்கிறது? மூட்டை தூக்காதே. டொனெல்டாவுக்கு என் அன்பு.

அக்கா,
ஆர்லிஸ்


கார்னெட் ஃபோர்டு
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. என் போன் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. கடிதம் எழுதுவதும் நல்ல பழக்கம்தான். கையெழுத்து திருந்துகிறது, பார்.

இலையுதிர்கால ஏலம் உச்சத்தில் இருக்கிறது. தொண்டை லேசாகக் கட்டியிருக்கிறது. உனக்குத்தான் தெரியுமே, அக்டோபரில் ஏலக்காரன் தொண்டை கட்டவில்லை என்றால் அவனுக்கு வியாபாரம் இல்லை என்று அர்த்தம். ஊரே பெருமைப்படுகிறது. "இந்த வருஷம் நல்லாத்தான் ஓடுது போல, வெர்லின்!" என்று முதுகில் தட்டுகிறார்கள். தேன் வருகிறது, இஞ்சி வருகிறது, பாட்டிலும் வருகிறது. பாட்டில் கொண்டுவருகிறவர்களிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் கரகரப்பாகப் பேசுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலைத் தட்டவேண்டாம் என்று சொல்.

வெர்லின்


டூசான்
அக்டோபர் 22

வெர்லின்,

நாங்கள் நலம். நீ நலமில்லை.

டொனெல்டாவிடம் பேசினேன். "அவர் போனா? சட்டைப் பையிலதான் இருக்கு அண்ணி. இப்பக்கூட யாருக்கோ மெசேஜ் தட்டிட்டு இருக்காரு" என்றாள். செத்துப்போன போனுக்கு நல்ல ஆயுசு.

வியாழக்கிழமை உன் ஏலத்தை இன்டர்நெட்டில் பார்த்தேன். கேலன் வந்து, "யாரு இது, தகரத்தை இழுத்துட்டுப் போற மாதிரி?" என்று கேட்டார். "என் தம்பி" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. தொண்டை கட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவும் ஏலக்காரர்தானே. இது அது இல்லை. உன் குரலில் பாதி ஆள் இல்லை.

போன் பண்ண வெட்கமாக இருந்தால் பண்ணாதே. டாக்டரிடம் போ.

ஆர்லிஸ்


கார்னெட் ஃபோர்டு
நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. சரி, பாதி நலம்.

போனேன். தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். உள்ளே குரல் நாண் இரண்டு இருக்கிறதாம். வலப்பக்கத்தான் ஓடி ஓடி வேலை பார்க்கிறான், இடப்பக்கத்தான் படுத்துக்கிடக்கிறான். ஏதோ சளிக் கிருமி நரம்பைத் தாக்கியிருக்கும், வசந்தகாலம் வரை பொறுத்திருங்கள் என்றார். நல்ல மனுஷர். தொண்டையைப் பற்றி மட்டுமே கேட்டார், நானும் தொண்டையைப் பற்றி மட்டுமே சொன்னேன்.

வசந்தம் வரை வியாழக்கிழமைகள் காத்திருக்குமா, அக்கா? எனக்கு இந்தத் தொண்டையைத் தவிர வேறு கைத்தொழில் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் நான் என்ன, பியானோ வாசிக்கப் போகிறேனா?

நேற்று ஆர்வல் ப்ரோகாப் கொட்டகைக்கே வந்துவிட்டான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ தேறி வர்ற வரைக்கும் உன் வியாழக்கிழமைய நான் போட்டுத் தர்றேன். உன் பேர்லயே" என்றான். "என் மேடையில நீ ஏறணும்னா நான் படுக்கணும்" என்றேன். அதுவும் முழுதாக வெளியே வரவில்லை. 'படுக்கணும்' காற்றாகப் போனது. என் பலகைக்கு மீசை வரைந்தவனுக்குக் கருணை வேறு!

தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவில் ஒரு வலி. கன்று முட்டியது, சரி, பலகை முட்டியது இன்னும் முழுக்க ஆறவில்லை போலிருக்கிறது. வேறொன்றும் இல்லை. அங்கே வெயில் எப்படி?

வெர்லின்


டூசான்
நவம்பர் 15

வெர்லின்,

வெயில் இருக்கிறது.

எனக்கு மருத்துவம் தெரியாது. பள்ளிக்கூடப் பேருந்து எது எந்தத் தெருவில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். அதில் ஒன்று கற்றுக்கொண்டேன்: ஓட்டுநர் எங்கே இடித்தான் என்று பொய் சொன்னால் மெக்கானிக் தப்பான இடத்தைக் கழற்றுவான்.

உனக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை இன்று மீறுகிறேன். இதே தபாலில் டொனெல்டாவுக்கும் ஒரு கடிதம் போகிறது. திட்டு வாங்கத் தயாராக இரு.

ஆர்லிஸ்


ஒமாஹா, மருத்துவமனைப் படுக்கை
டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

துரோகி என்று ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். மனசு மாறிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டொனெல்டா எழுந்தாள். ஷெட்டுக்குப் போனாள், தார்ப்பாயைத் தூக்கினாள், பார்த்தாள், திரும்பி வந்து கிளினிக்குக்குப் போன் போட்டாள். மாதம் ஒரு தடவை வெளியூரிலிருந்து டாக்டர் தீஸன் என்று ஒரு அம்மா வருகிறார். தொண்டை நிபுணர். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. என் வேடிக்கைப் பேச்சு அந்தக் கண்ணாடியில் பட்டு அப்படியே கீழே விழுந்தது.

குழாயை விட்டுப் பார்த்தார். அதே படுத்துக்கிடக்கும் நாண். நான் வசந்தகாலத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"நெஞ்சில எப்பவாவது அடி பட்டுதா?"

"ஒரு கன்னுக்குட்டி முட்டுச்சு, டாக்டர்."

"எவ்வளவு பெரிய கன்னுக்குட்டி?"

"நடுத்தரம்தான்..."

டொனெல்டா வாயைத் திறந்தாள். "தகரத்துல செஞ்ச கன்னுக்குட்டி, டாக்டர். ரெண்டே காலு. தொப்பி வேற போட்டிருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேகத்துல போய் இடிச்சீங்க? பெல்ட் போட்டிருந்தீங்களா? நெஞ்சு ஸ்டீயரிங்ல இடிச்சுதா?" மூன்றுக்கும் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது தேவாலயத்தில் மண்டியிட்ட மாதிரி இருந்தது.

"இப்பவே நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கணும்."

"வியாழக்கிழமை ஏலம் முடிஞ்சதும்..."

"வியாழக்கிழமை நீங்க ஏலம் போட மாட்டீங்க."

இருபத்தைந்து வருஷமாக மேடையில் பேசுகிறேன். என் வாயை இவ்வளவு சுருக்கமாக யாரும் அடைத்ததில்லை.

ஸ்கேன் காட்டிய விஷயம் இதுதான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் மேலே போய் வளைந்து முதுகுப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. அந்த வளைவு முடியும் இடத்தில், ஸ்டீயரிங் இடித்த அன்றைக்கே சுவர் கிழிந்திருக்கிறது. வெளித்தோல் மட்டும் தாங்கிப் பிடித்திருக்கிறது. தாங்கிய இடம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, கோழிமுட்டை அளவுக்குப் பையாகிவிட்டது. இடது குரல் நாணுக்கு வரும் நரம்பு நேரே தொண்டைக்கு வராதாம். நெஞ்சுக்குள் இறங்கி, அந்தக் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே ஏறுமாம். நம் மாவட்டத்துக்கு ரோடு போட்டவர்கள்தான் இதையும் போட்டிருக்கவேண்டும். பை போய் அந்த நரம்பை நெரித்துவிட்டது. தேன், இஞ்சி, பாட்டில் எல்லாம் வீண். என் தொண்டை என்றைக்குமே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"இது வெடிச்சா?" என்று டொனெல்டா கேட்டாள்.

"வெடிக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க" என்றார் டாக்டர். அப்புறம் என்னிடம், "ஸ்டீயரிங்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருப்பாங்க. கன்னுக்குட்டின்னதும் விலாவைப் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த அம்மாவே ஆம்புலன்ஸ் வரை கூட நடந்து வந்தார். தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, கோபப்படக்கூடாது என்று மூன்று கட்டளை. ஆக ஆர்வலை நினைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.

நாளைக் காலை அறுவை. தொடை இடுக்கு வழியாக உள்ளே போய், துணி சுற்றிய கம்பிக் குழாய் ஒன்றைக் கிழிந்த இடத்தில் விரித்துவிடுவார்களாம். நெஞ்சைப் பிளக்க மாட்டார்கள். திரும்பி வராமல் போனால் என்று நினைத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மான் எதுவும் வரவில்லை, அக்கா. அந்த மீசையைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முனை இரண்டும் மேல்நோக்கி முறுக்கியிருக்கிறதா, ஒன்றுதான் முறுக்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் மனசு ஆறவில்லை. தலையைத் திருப்பினேன், பின்னாலேயே வண்டியும் திரும்பிவிட்டது.

இரண்டும்தான் முறுக்கியிருந்தது.

அத்தானின் முழங்காலைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி,
வெர்லின்


ஒமாஹா
டிசம்பர் 13

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் சொன்னதுதான், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் சாப்பிடப் பூசணி அப்பம் இருக்கிறதா என்று கேட்டார். குரல் வரவில்லை, வாயசைவிலேயே 'பூசணி' புரிந்துவிட்டது. முப்பது வருஷக் குடித்தனம்.

நீங்கள் தினமும் என்னிடம் பேசுகிறீர்கள், அவரிடம் போனைக் கொடு என்று கேட்பதே இல்லை. அவருக்கு அது உறுத்துகிறது போலிருக்கிறது. சத்தியத்தை மீறியதற்கா வருத்தப்படுகிறீர்கள், அண்ணி? மீறாமல் இருந்திருந்தால் நான் இப்போது வேறு கடிதம் அல்லவா எழுதிக்கொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொனெல்டா


கார்னெட் ஃபோர்டு
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் நலம். வாசலில் பனி. உன்னிடமிருந்து மட்டும் ஒரு வரி இல்லை. மானைப் பற்றிப் பொய் சொன்னதற்குக் கோபமா? அந்த மானை நானே பாதி நம்பிவிட்டேன், அக்கா. அதற்குக் கொம்புகூட முளைத்திருந்தது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு யோசனை அதிகம். டாக்டர் தீஸனை நினைத்துக்கொள்கிறேன். தொண்டை பார்க்க வந்தவர் தொண்டையோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்காக நெஞ்சுவரை இறங்கினார். டொனெல்டாவை நினைத்துக்கொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேர் பேச்சையும் நான்தான் பேசினேன். அவள் ஒரே ஒரு தடவை குறுக்கே பேசினாள், நான் பிழைத்தேன். எல்லாரையும்விட உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, குரலைக் கேட்டே இதில் பாதி ஆள் இல்லை என்று சொன்னாயே. இந்த உயிர் நீ போட்டது. இதை எழுதும்போது டொனெல்டா தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். நகல் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப் போகிறாளாம்.

இன்னொன்று. ஆர்வல் ப்ரோகாப் டிசம்பரிலிருந்து ஒரு வியாழன் விடாமல் வந்து ஏலம் போடுகிறான். பனியில் தன் ஊரிலிருந்து ஓட்டிவந்து, 'வெர்லின் ஹோல்ட்கே கால்நடை ஏலம்' என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறான். தன் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபப்பட அனுமதி இருந்தாலும் கோபம் வரவில்லை.

பதில் போடு.

வெர்லின்


கார்னெட் ஃபோர்டு
மார்ச் 11

அக்கா,

உடம்பு தேறிவிட்டது. ஸ்கேனில் அந்தப் பை சுருங்கிவருகிறது. நரம்பு எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்காமலேயே போகலாம். டாக்டர் தீஸன் அந்தப் படுத்த நாணுக்கு ஊசி போட்டுக் கொஞ்சம் தடிக்க வைத்திருக்கிறார். வலப்பக்கத்தான் வந்து சாய்ந்துகொள்ள ஒரு சுவர் மாதிரி. பாதிக் குரல் வந்திருக்கிறது. சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம்.

நேற்று முன்தினம் மேடை ஏறினேன். ஆர்வல் மைக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான். நான் ஆரம்பித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பின்வரிசைக் கிழடுகள் காதுக்குக் கை வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். காப்பிக் கடைக்காரி மெஷினை அணைத்தாள். என் அப்பா காலத்திலிருந்து அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. மொத்தக் கூட்டமும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, அக்கா. காது கொடுத்து. இத்தனை வருஷம் கத்தியபோது ஒருவனும் அப்படிக் கேட்டதில்லை.

மூன்று கூட்டம் கன்று விற்றேன். அதற்குள் குரல் தீர்ந்துவிட்டது. மீதியை ஆர்வல் போட்டான்.

முடிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மீசையை மன்னிச்சிட்டேன், ஆர்வல்" என்றேன்.

"எந்த மீசை?" என்றான்.

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை! ஏலக்காரனாக வந்திருக்கவேண்டியவனே இல்லை அவன், நாடகக்காரன்.

பலகையை மறுபடி நிறுத்தப் போகிறேன். ஒரு வாரமாகச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், அந்தக் கறுப்பு அசைவேனா என்கிறது. என் பல்தான் தேய்ந்துகொண்டு வருகிறது.

ஒரு வரியாவது எழுது.

வெர்லின்


டூசான்
மார்ச் 22

அன்புள்ள வெர்லின்,

கேலன் முழங்காலை நீட்டி மடக்குகிறார். நான் நலம்.

வியாழக்கிழமை பார்த்தோம். சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்தும் கேட்கவில்லை. கேலன் போய் மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு வந்தார். அப்புறம் கேட்டது. அப்பா கேட்டிருந்தால் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருப்பார். நானும் அதைத்தான் செய்தேன், தொப்பி இல்லாமல்.

டாக்டரைப் பற்றி நீ எழுதியது எல்லாம் சரி. டொனெல்டாவைப் பற்றி எழுதியது குறைவு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதைக் கிழித்துப்போடச் சொல். ஆர்வலிடம் போய் இன்னொரு தடவை கை குலுக்கு. அவன் நடிக்கவில்லை.

மூன்று மாதமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன். எழுத என்ன இருக்கிறது? பெல்ட் போட்டு ஓட்டு.

உன் அக்கா,
ஆர்லிஸ்

பி.கு. அந்த மெழுகு சோப்புக்கு அசையாது. சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடை. ஜூலையில் என் விரல்களிலிருந்து அப்படித்தான் போயிற்று.